நாலாம் கவுண்டர் பெடல்

2.9.2025
எங்கள் துணிக்கடைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ரூபேந்திரன் வந்தான். நான்கு கவுண்டரிலும் லினக்ஸ்தான், பத்து வருஷமாக.
"அக்கா, திரையில ஜன்னல்களைக் காட்டுற எக்ஸ் லெவன் கிழவனாயிடுச்சு. அடுத்த பதிப்புல தூக்கிடுறாங்க. இனி வேலண்ட்தான்."
கிழவன் இன்றும் ஓடுகிறான். பிறகென்ன அவசரம்?

5.9.2025
சோதனைக்கு நாலாம் கவுண்டரில் வேலண்ட் போட்டான். அங்கே பில் போடும் அர்ச்சுனனின் பெடல் செத்துப்போனது.
அவருடைய வலக்கையை முன்பே ஒரு தொழிற்சாலை இயந்திரம் எடுத்துக்கொண்டது. இடக்கையில் துணியைப் பிடித்தபடி காலால் பெடலை மிதிப்பார். ஒரு சின்ன புரோகிராம் அவருக்காக பில் ஜன்னலில் எழுத்துகளைத் தட்டும்.
"புதுசுல ஒரு புரோகிராம் அடுத்த ஜன்னல்ல கைவைக்க முடியாதுக்கா. பாஸ்வேர்டு திருட்டுக்குப் பயந்து."
திருடன் வருவானென்று என் ஆளைக் கட்டிப்போடுவதா? ரப்பர்த் தோட்டம் தோட்டமாகத் துணி மூட்டை சுமந்து விற்றவள் நான். யாரோ பழசைத் தூக்கி எறிகிறார்கள் என்பதற்காக நானும் எறியமாட்டேன். பழசையே போடு என்றேன்.

6.9.2025
போட்டான். முனகிக்கொண்டே.

19.9.2025
பழசின் பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறதாம். சரி: மூன்று கவுண்டருக்குப் புதுசு. நாலாவதுக்குப் பழசு, இணையத்தைத் துண்டித்து. தீபாவளி முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது.

20.9.2025
அர்ச்சுனன் சாப்பிடப் போகாமல் வந்து நின்றார்.
"என்னை மட்டும் பழசுல உட்கார வச்சிட்டீங்க முதலாளிம்மா. அது செத்தா நானும் வீட்டுக்குத்தானே?"
அலமாக், இதென்ன பேச்சு! நான் அப்படிப்பட்டவளா? இவருக்காகத்தானே அத்தனை சண்டை —
சண்டை போட்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை.

22.9.2025
அர்ச்சுனனையும் ரூபேந்திரனையும் எதிரெதிரே உட்காரவைத்தேன். அர்ச்சுனன்தான் ஆரம்பித்தார்.
"தம்பி, கீபோர்டுல தட்டுனா வேலண்ட் வாங்கிக்குதா?"
"வாங்கும்ணே."
"அப்போ பெடலே கீபோர்டா இருந்துட்டா? நடுவுல எதுக்குப் புரோகிராம்?"
ரூபேந்திரன் தலையைச் சொறிந்தான். தட்டவேண்டிய எழுத்துகளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கணினிக்குக் கீபோர்டாகவே தெரியும் பெடல் இருக்கிறதாம். இதைச் சொல்ல மூன்று வாரம்!

4.10.2025
நாலாம் கவுண்டரிலும் வேலண்ட். புதுப் பெடல் ஓடுகிறது.
"கடைசியில வேலண்டை ஏத்துக்கிட்டீங்க லா, அக்கா!"
"நானா? அதுதான் எங்க பெடலை ஏத்துக்கிச்சு. போய் வேலையப் பாரு."

11.10.2025
தீபாவளி நெரிசல். இரண்டாம் கவுண்டர் கஸ்தூரி, துணியைக் கையிலிருந்து இறக்காமல் பில் போடத் தனக்கும் பெடல் வேண்டும் என்கிறாள். அர்ச்சுனனிடம் கேட்கச் சொன்னேன்.