புற்றுக்குள் இருந்த கை

அப்பாவுக்கு, மண்டபத்துப் படத்தில் மாலையோடு இருக்கிற என் அப்பாவுக்கு,

ரிங்லெட் மலையில் விடாத மழை. உங்கள் அம்மன் புற்று நடுவில் பிளந்துவிட்டது. உள்ளே ஒரு கறையான்கூட இல்லை. வெறும் கூடு.

உங்களுக்குப் பின் வந்த கோயிலின் புதுத் தலைவர் குடையை மடக்காமலே அம்மாவிடம் சொன்னார்: "தாலி அறுத்தவங்க பால் ஊத்துனா ஆத்தா எப்படி லா இருப்பா? போயிட்டா." இனி அம்மா கோயில் படி ஏறக் கூடாதாம். அம்மாவும் "என் கைதான் ஆகல" என்கிறாள். அந்தக் கையால் சோறு எடுத்துச் சாப்பிடவும் மாட்டேன் என்கிறாள். நான் ஊட்டினால் இரண்டு வாய்.

அவள் கையா, அப்பா?

மண்டபம் கட்டவும் லோரி நிறுத்தவும் எஸ்டேட் ஓரத்துக் காட்டைக் கேட்டு வாங்கி, புல்டோசர் விட்டுச் சமப்படுத்தியது யார்? புற்றை மட்டும் விட்டுவிட்டு, சுற்றி டைல்ஸ் பதித்தீர்கள். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிற நான் அன்றே சொன்னேன். காட்டில் கறையான் பல வகை. சருகு தின்பது, மக்கிய மரம் தின்பது, மண்ணையே தின்பது. மரங்கள் போனால் இவை பட்டினியில் சாகும். கீழே தேயிலைக்குள் இருக்கிற ஒன்றிரண்டு வகைதான் மிஞ்சும். அவை பச்சைச் செடியின் தண்டையும் தின்னும், உத்திரத்தையும் தின்னும்.

"கறையானுக்கு வக்காலத்து வாங்கவா உன்னை யுனிவர்சிட்டிக்கு அனுப்புனேன்?" என்றீர்கள். கமிட்டி முழுக்கச் சிரித்தது. "ஆத்தாளுக்கு நான் சோறு போடுறேன். அதுங்களுக்கு ஆத்தா போடட்டும்."

போடவில்லை. மழையில் கரையக் கரையக் கறையான் பூசிக்கொண்டே இருந்தால்தான் புற்று நிற்கும். பூச ஆளில்லாத வீட்டுக்குத்தான் அம்மா வெள்ளிதோறும் பால் ஊற்றினாள்.

கறையான் செத்தது உங்களுக்குத் தெரியாது என்றே நம்பியிருந்தேன். நேற்று பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேலே பூசிய மஞ்சளுக்கு அடியில் சிமெண்ட். ஈரத்தோடு அழுத்திய கைத்தடம் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு விரல் பாதி. தேயிலை மிஷினில் போன உங்கள் விரல்.

உயிரோடு இருந்தபோதே ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறீர்கள். அதன்மேல் அம்மாவைப் பால் ஊற்றவிட்டு, பக்கத்தில் கைகூப்பி நின்றீர்களே, என்ன வேண்டிக்கொண்டீர்கள்?

வருகிற வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டி அந்தத் தடத்தைக் காட்டுவேன். அந்தப் பாதி விரலைத் தெரியாதவர்கள் இங்கே இல்லை. உங்கள் பெயர் போகும். அம்மா சாப்பிடுவாள்.

உங்கள் படச் சட்டத்தில் மண்கோடு ஏறத் தொடங்கிவிட்டது. தேயிலையிலிருந்து வந்த வகை. அதை நான் துடைக்கப்போவதில்லை.

அம்மாவுக்கு ஊட்டிவிட்ட கையோடு,
உங்கள் மூத்த மகள்