கொடியில ஒரு வெள்ளைச் சேட்

அன்பு மகள்,

நெடுந்தீவில எங்கட வீட்டுப் பக்கத்தில கரண்ட் எடுக்கிற டீசல் இஞ்சினை நிப்பாட்டியாச்சு. இப்ப கரண்ட் வெயிலிலயும் காத்திலயும்தான் வருது. இருபது வருசம் அதுக்கு டீசல் ஊத்தின உன்ர கொப்பருக்குப் பெரிய பதவி கிடைச்சிருக்கு: சோலார் தட்டில காகத்தின்ர எச்சம் துடைக்கிறது.

போனமுறை வந்தநேரம் பேரனுக்கு இஞ்சின் புகையால மூச்சு இழுக்க, நீ தனியத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு ஓடினனீ. நான் இஞ்சினை விட்டிட்டு வர ஏலாதெண்டு நிண்டனான். அதுக்குப் பிறகு நீ வரேல்லை. நானும் கேக்கேல்லை.

ஒரு கிழமையா கலியாணத்துக்குப் போட்ட என்ர வெள்ளைச் சேட்டை உடுப்புக் கொடியில போட்டுப் பாக்கிறன். "என்னப்பா, கோயில் கொடியேத்தமோ?" எண்டு கொம்மா பகிடி விடுறா. ஒரு பொட்டுக் கரியும் படியேல்லை, பிள்ளை.

அவனைக் கூட்டிக்கொண்டு வா. கொஞ்சம் மூச்சு இழுத்தாலும் சொல்லு. இந்தமுறை நான் தூக்கிக்கொண்டு ஓடுவன்.

உன்ர வரவைப் பாத்திருக்கிற,
அப்பா