கட்டிலுக்கடியில் இருந்த மூட்டை

மேகலா,

நீ இப்போதுதான் கண் அசந்தாய், எழுப்பவில்லை. ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில், இன்ஹேலர் தலையணைப் பக்கத்தில்.

கட்டிலுக்கடியில் நான் போட்டு வைத்திருந்த தோல் துண்டு மூட்டையை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். அடைமழையில் அத்தனையும் பூசணம் பூத்திருந்தது. ஈரத்தில் பூக்கும் பூசணம், வெயில் அடித்ததும் காய்ந்து காற்றில் கிளம்பும் என்று தோல் கம்பெனியில் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறவனே நான்தான். நேற்று மழை விட்டு வெயில் வந்ததும் மூட்டையை வீட்டுக்குள்ளேயே, ஃபேனுக்குக் கீழே உதறினேன். சாயங்காலம் உனக்கு மூச்சு இழுத்தபோது காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் தம்பி ஜீவா எதிரில், "இன்னாத்துக்கு இப்டி சீன் போடுற?" என்றேன்.

ஜீவா மத்தியானம் சாப்பிட வருவான். எனக்காக அவனிடம் எதையும் சமாளிக்காதே. நான் வந்து சொல்கிறேன்.

ராஜேஷ்

ஜன்னலை இப்போது திறக்காதே, காற்று ஜாஸ்தி. வெளியே பறக்கும் பூசணத் தூளும் உள்ளே வரும்.

இன்னொன்று. மூட்டையை உதறும் முன்னால் கம்பெனிப் பழக்கத்தில் மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டேன். நீ பக்கத்தில்தான் மாவு பிசைந்துகொண்டிருந்தாய்.