மந்திரவாதிக்குக் கவசம் உண்டா?

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு என்மேல் கோபம் தீர்ந்திருக்காது. கேட்டதாக மட்டும் சொல்.

பள்ளிக்கூட விடுமுறையில் நீயும் நானும் உருவாக்கிய ஆட்டத்தை இந்தச் சிறை அறையில் ஆடுகிறோம் என்றால் நம்புவாயா? பகடை இங்கே சூதாட்டச் சாமானாம், வார்டர் பிடுங்கிக்கொண்டார். ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை டம்ளரில் குலுக்கி எடுக்கிறோம். கதை சொல்பவன் நான்; பூதம், அரக்கன் எல்லாம் நானே. கொத்தனார் போர்வீரன். தையல்காரர் திருடன். (வெளியிலும் அதே வேலைதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.) அறையே பயப்படுகிற ஒருவர் இருக்கிறார், தலைவர் என்று கூப்பிடுவோம். அவர் மந்திரவாதி.

சிக்கல் அவரால்தான். மந்திரவாதிக்கு இரும்புக் கவசமும் வேண்டுமாம். சும்மாவே அவர்மேல் அடி விழ எதிரியின் சீட்டில் குறைந்தது பத்து வர வேண்டும். கவசத்துக்கு ஆறு கூட்டு, காப்பு மந்திரத்துக்கு ஐந்து கூட்டு. இருபத்தொன்று ஆகிறது. இருக்கிற சீட்டே இருபதுதான்!

"அவர யாருமே தொட முடியாதுன்னா, அப்ப நான் எதுக்கு? மூட்டை தூக்கவா?" என்று கொத்தனார் கேட்டுவிட்டார். தலைவர் அவரைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

சட்டம் எழுதியவள் நீ. தீர்ப்பையும் நீயே எழுதி அனுப்பு. என் வாயால் சொன்னால் சரிவராது.

உன் வாலு


மார்ச் 15

ஆசைத் தம்பி வாலுவுக்கு,

மருந்துக்கடையில் இன்று கூட்டம் இல்லை, உட்கார்ந்து யோசித்தேன். நாம் கவனிக்காமல் விட்ட ஓட்டை இது. தீர்ப்பு: கவசமும் காப்பு மந்திரமும் சேராது. இரண்டில் பெரியது எதுவோ அது மட்டும் கணக்கு. இரும்பு போட்டால் விரல் மடங்காது, மற்ற மந்திரங்களும் பாதி நேரம் பலிக்காது. மந்திரவாதி பின்னால் நிற்கட்டும். முன்னால் நிற்கத்தானே கொத்தனார் இருக்கிறார்?

பார்க்க வருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாய். எழுதினாலும் ஆட்டத்தைப் பற்றியே எழுதுகிறாய். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, ஒன்றும் இல்லை. உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அம்மா குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். படித்து முடித்த பிறகுதான் மறுபடி திறந்தாள்.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன். எங்கள் அறை தரைத்தளம் என்று உனக்குத் தெரியும்.

உன் தீர்ப்பை வாசித்தபோது தலைவர் சிரித்தார். "படிச்ச பொண்ணு சொல்லுது, கேட்டுக்குவோம்" என்று கவசத்தைக் கழற்றினார். அன்றைக்குத்தான் எல்லோரும் சத்தம் போட்டு ஆடினோம். மறுவாரம் அரக்கனின் அம்பு மந்திரவாதிமேல் பாய்ந்தது. சீட்டில் பத்தொன்பது. செத்தார்.

"இன்னொரு தடவ எடு" என்றார்.

"முடியாதுங்க" என்றேன். இங்கே வந்தபிறகு நான் ஒருவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல்முறை.

"சரி தம்பி" என்று எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து நான் விழுந்தேன்.

இரண்டும் சேரும் என்று மாற்றி எழுதிவிடு, அக்கா. அவர் சாகவில்லை என்றும் எழுது.

வாலு


ஏப்ரல் 9

என் தங்கமே,

உன் எழுத்தைப் பார்த்ததும் அம்மா கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நேற்று இருவரும் சிறை அலுவலகத்துக்குப் போனோம். "அவரே புகார் எழுதிக் குடுக்கணும்மா. இல்லாட்டி எங்களால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் அதிகாரி. எழுதிக் கொடு. தனி அறை கேள்.

நீ கேட்டது தனித்தாளில் இருக்கிறது. கவசம், மந்திரம் இரண்டும் சேரும். மந்திரவாதி மயங்கிக் கிடந்தார், பிழைத்துக்கொண்டார். தலைவருக்கு என் மரியாதையையும் எழுதியிருக்கிறேன். எனக்கு ஆட்டமா பெரிசு? உடனே வாசித்துக் காட்டு.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தாள் வந்த அன்று தலைவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "அக்கா என்ன எழுதிருக்காங்க?" என்று கேட்டார். கொத்தனாரும் தையல்காரரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசிக்கத்தான் நினைத்தேன்.

"பழைய தீர்ப்புதானாம்" என்றேன்.

பிறகு நடந்ததை எழுதினால் இந்தத் தாள் உன் கைக்கு வராது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குறுக்கே விழுந்து தடுத்தவர் கொத்தனார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஒரு கண் போய்விட்டது. நான் வாசித்திருந்தால் அவருக்கு அந்தக் கண் இருந்திருக்கும். ஏன் வாசிக்கவில்லை என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதிக் கொடுத்தேன். தனி அறை தந்துவிட்டார்கள். யாரும் வர மாட்டார்கள், நானும் வெளியே போக முடியாது. இங்கிருந்து கடிதம் மூன்று மாதத்துக்கு ஒன்றுதானாம். வரவில்லை என்று அம்மா பயப்பட வேண்டாம். கொத்தனாருக்கு யாரும் இல்லை; முடிந்தால் நீ போய்ப் பார்.

உன் தாளைக் கிழித்துவிட்டேன். வெளியே யாருடனாவது நம் ஆட்டத்தை ஆடினால் நீ முதலில் எழுதிய தீர்ப்பையே வைத்துக்கொள். அதுதான் சரி. எனக்காக மாற்றாதே.

வாலு