தொண்ணூறு நாள் உத்தரவாதம்

மார்ச் 5

இரண்டாம் நம்பர் கம்ப்ரஸரில் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சியாம். ஊசி மருந்து வைக்கும் புதுக் குளிர்கிடங்குக்கு இரண்டு மெக்கானிக் வேண்டுமாம். நாற்பதாயிரம் வரை கிடைக்குமாம். "உங்கள மாதிரி ஆளைத்தான் ப்ரோ தேடிட்டு இருக்கோம்." என் பெயரையே தப்பாகச் சொன்ன ஆளுக்கு அவ்வளவு பாசம். சம்பளச் சீட்டு கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு உடனே அனுப்பினேன். இருபத்தெட்டாயிரம்.

இங்கே மைனஸ் இருபதில் மீன் பெட்டிகளுக்கு நடுவே நிற்க ஒரே ஜாக்கெட். முந்தின ஷிப்டு ஆளின் வியர்வையோடு அதை மாட்டிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 6

அக்காவிடம் சொன்னேன். பகலில் பள்ளி அலுவலகம், சாயங்காலம் மருந்துக்கடைக் கல்லா என்று இரண்டு வேலை அவளுக்கு. நின்றுகொண்டே சாப்பிடுகிறாள்.

"நாப்பது வந்தா நீ கடைக்குப் போக வேணாம்."

"முதல்ல கைக்கு வரட்டும்டா. அப்புறம் என்னை உட்கார வை."

மார்ச் 13

நேர்காணலில் அம்மோனியா கசிவு பற்றி நாலு கேள்வி. நாலுக்கும் சரியாகச் சொன்னேன். சம்பளம் முப்பத்திரண்டு என்கிறார் ஏஜென்ட்.

ஏன் என்று கேட்டால், "இப்ப வாங்கறதுக்கு மேல பதினஞ்சு பர்சன்ட்தான் ப்ரோ போடுவாங்க. உங்க சீட்டு அவங்ககிட்ட இருக்குல்ல."

நானே கொடுத்த சீட்டு! குறைத்துக் கொடுத்தவனிடம் இவ்வளவு நாள் உழைத்ததற்குத் தண்டனை, அடுத்தவனும் குறைத்துத்தான் கொடுப்பான். இதற்குப் பெயர் விதிமுறை.

மார்ச் 16

ஏஜென்சிக்கே போய்விட்டேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. ஆறு மேசை, எட்டு ஆள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் ஏஜென்டுகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கோடுகள். நம் ஆளுக்கு என் வயதுதான் இருக்கும். சட்டைக் காலர் நைந்திருந்தது.

"நீங்க எனக்காகப் பேசறீங்களா, கம்பெனிக்காகவா?"

சிரித்தார். "காசு குடுக்கிறது கம்பெனி ப்ரோ. உங்க ஒரு மாசச் சம்பளம் அளவுக்கு ஏஜென்சிக்கு வரும். அதுல பத்துல ஒரு பங்கு எனக்கு. அதுவும் நீங்க தொண்ணூறு நாள் நின்னாத்தான். நடுவுல ஓடிட்டா ஓசியில வேற ஆள் தரணும், இல்ல காசைத் திருப்பணும்."

"அப்ப எனக்குக் கூட வந்தா உங்களுக்கும் கூடத்தானே?"

"நாப்பது வாங்கிக் குடுத்தா எனக்கு எண்ணூறு கூட வரும். எண்ணூறுக்காக மாசாமாசம் ஆள் எடுக்கிற இடத்தை முறைச்சுக்கணுமா?"

எனக்கு வருஷத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம். அவருக்கு ஒரே ஒரு எண்ணூறு. பொய்யாவது சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம்.

கிளம்பும்போது பலகையைப் பார்த்தேன். அவருக்கு மூன்று கோடு. கேட்காமலே சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள அஞ்சு ஆள் சேர்க்கலைன்னா ஊக்கத்தொகையே கிடையாது ப்ரோ. சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள்.

மார்ச் 17

எண்ணூறு கணக்கே இல்லை. அவருக்கு நான் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குத் தேதி இருக்கிறது.

மார்ச் 24

போன் வந்தது. எடுக்கவில்லை.

மார்ச் 27

ஆறு முறை அழைத்தார். ஏழாவதை எடுத்தேன்.

"முப்பத்தஞ்சுன்னா வருவீங்களா?"

"நாப்பது. இல்லன்னா அடுத்த மாசம் பேசிக்கலாம்."

"கழுத்தைப் பிடிக்கிறீங்களே ப்ரோ!"

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "ரொம்ப இழுக்காத. அறுந்துடப் போகுது."

மார்ச் 31

நாற்பது! நாலு மணிக்கு ஏஜென்ட் வேலைக் கடிதத்தை முன்னால் வைத்தார். எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுபத்திரண்டுதான் ப்ரோ அவங்க வச்சிருந்தது. இன்னொருத்தருக்கு நாப்பது பேசியிருந்தோம், பதினாறு வருஷ அனுபவம். அதை உங்களுக்கும் உங்க முப்பத்திரண்டை அவருக்கும் அப்படியே மாத்திப் போட்டுட்டேன். அவர் வேலை போய் நாலு மாசமாச்சு, எதுன்னாலும் வருவார். பாவம், ஒரு வார்த்தை கேக்கல."

கம்பெனிக்கு அதே செலவு. ஏஜென்சிக்கு அதே வரவு. அவருக்கு இரண்டு கோடு.

பேனா கையில் இருந்தது. கையெழுத்தைப் போட்டேன்.

ஏப்ரல் 3

சேர்ந்தாயிற்று. ஆளுக்கொரு ஜாக்கெட். சம்பளத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு தாளில் தனியாகக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த இன்னொருத்தரும் இன்றுதான் சேர்ந்தார். பெரிய மீசை. மதியத்துக்குள் எல்லோருக்கும் அவர் மீசையண்ணன்.

மே 2

அக்கா கல்லா வேலையை விட்டுவிட்டாள். ஆறு மணிக்கெல்லாம் வீட்டில். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரே அலமாரியை இரண்டு முறை அடுக்கினாள்.

மே 19

நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டிய வால்வை மீசையண்ணன் ஐந்து நிமிடத்தில் கழற்றினார். அப்புறம், சாதாரணமாக:

"உனக்கு எவ்வளவு தம்பி போட்டாங்க?"

"உங்களுக்கு வர்றதுதான்ணே."

"நல்லவேளை. சின்னப் பையன்னு உனக்குக் கம்மியாப் போட்டிருப்பாங்களோன்னு நினைச்சேன்."

ஜூன் 11

மீசையண்ணனிடம் சொல்லிவிடலாம். சொன்னால், போகிறேன் என்று அவர் ஏஜென்டிடம் ஒரு வார்த்தை விட்டால் போதும். தொண்ணூறு நாள் ஆவதற்குள் ஆள் போனால் காசு போகும், ஓடோடி வந்து கம்பெனியிடம் பேசுவார் அந்த ப்ரோ. சரி. ஆனால் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்? இருப்பதே எழுபத்திரண்டு. என்னிடமிருந்து எடுத்தால்? அக்கா மறுபடி கல்லாவுக்கா?

சம்பளத்தை மறைக்கிறவன் முதலாளிக்கு ஓசியில் வேலை செய்கிறான் என்று பழைய இடத்தில் எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன். இப்போது என்னடா சொல்கிறாய்?

ஜூலை 2

இன்றோடு தொண்ணூறு.

ஜூலை 4

சொல்லிவிட்டேன். கம்ப்ரஸர் அறையில், சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது என்றேன். மாற்றிப் போட்டதையும் சொன்னேன்.

அவர் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். வெளியே வந்து கையைக் கழுவிய பிறகுதான் பேசினார்.

"அந்த ஏஜென்ட் பையன் வாரா வாரம் போன் பண்ணி, நல்லா இருக்கீங்களாண்ணேன்னு கேப்பான். நேத்து நானே கூப்பிட்டேன். எடுக்கல." கையை உதறினார். "தொண்ணூறு நாள் சமாச்சாரம் உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்ணே."

"எப்பத்துலேருந்து?"

"சேர்றதுக்கு முன்னாடியே."

தலையாட்டினார்.

ஷிப்டு மாறும்போது குறிப்பேட்டை என் முன்னால் வைத்தார். "மூணாம் நம்பர்ல லேசா அதிர்வு இருக்கு," என்றார். "பாத்துக்கோங்க சார்."