நடுவில் நிற்காத வட்டம்

அன்புள்ள குட்டிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவைக் கேட்டால் அவளும் சுகம் என்றுதான் சொல்வாள். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

பள்ளி விடுமுறையில் வேன் ஓட்டாமல் அம்மாவுக்குப் பொழுது போகாதே என்று நீ அனுப்பிய, கணினி நிரல் எழுதிப் பழகும் பயிற்சிகளை அவள் ஒன்று விடாமல் செய்கிறாள். பெயரைக் கேட்டு வணக்கம் சொல்வது, வயதைக் கேட்டு அத்தனை கட்டம் வரைவது எல்லாம் முடிந்தாயிற்று. உங்க வயசுக்குத் திரையே பத்தலை என்று எனக்குக் கேலி வேறு. போன வாரம் வட்டத்துக்கு வந்தாள். இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க என்று திரை கேட்கும், எண்ணை அடித்தால் வட்டம் அங்கே போய் நிற்கும், உடனே நடுவில் இருக்கிறதா என்று கேட்கும். வட்டம் நட்டநடுவில் வந்து நின்றது, இவள் இல்லை என்று அடித்தாள். வலப்பக்கமாகத் தள்ளித் தள்ளி, ஓரத்தில் வட்டம் பாதி வெட்டுப்பட்ட பிறகு ஆம் என்று அடித்துவிட்டு, உங்க மக போட்ட கணக்குலதான் ஏதோ கோளாறு என்றாள். வேடிக்கை பண்ணுகிறாள் என்று நான் சிரித்தேன். நான் திரையைப் பிடித்து அனுப்பிய படத்தைப் பார்த்து நீயும் சிரிக்கிற பொம்மை அனுப்பினாய், உன்னைக் குறை சொல்லவில்லையம்மா, யாருக்குத் தெரியும்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கிறது, ஏன் இவ்வளவு கொஞ்சமா வச்சீங்க என்று என்னிடம் சண்டை. இடது தோள் கதவில் இடித்து இடித்துக் கன்றிப்போயிருக்கிறது. கெஞ்சிக் கூத்தாடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்குத் தெரியலை, தலையை உடனே ஸ்கேன் எடுக்கணும், அதுவரைக்கும் வண்டியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும், அந்த ஆளுக்குத்தான் கண்ணாடி மாத்தணும் என்றாள். ஸ்கேனுக்கு வரமாட்டாளாம், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறதாம், வேன் எடுப்பாளாம். வேனுக்கு இடப்பக்கம் நிற்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை நினைத்தால் அதைவிட.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்களிடம் நானே நாளைக்குச் சொல்லிவிடுகிறேன், அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். ஸ்கேனுக்கு மட்டும் உன் பேச்சுக்குத்தான் மசிவாள். இன்றைக்கே கூப்பிடு. அழாமல் பேசு, நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு.

வேன் சாவி ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னொன்றை எங்கே ஒளிச்சு வச்சீங்க என்று காலையிலிருந்து வீட்டைப் புரட்டிப் போடுகிறாள். நான் ஒளிக்கவே இல்லை குட்டி. கணினி மேசையில், அவள் உட்காருகிற நாற்காலிக்கு இடப்பக்கம், கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் கிடக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், ஒரு தடவையாவது பார்த்துவிட மாட்டாளா என்று.

உன் அப்பா