மூன்று மில்லிமீட்டர்

போபோடி, புனே
வெள்ளிக்கிழமை பிற்பகல்

அன்புள்ள சபரிக்கு,

அண்ணி கோதை எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். ஓசூர்க் குளிரில் உங்களுக்கு மூச்சிரைப்பு வருமே, மருந்து கையோடு வைத்திருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் சுகம். மீனு பள்ளிக்கூடம் போகிறாள். மராத்திப் பாட்டு பாடுகிறாள், நான் கூடப் பாடினால் 'அப்படி இல்லம்மா' என்று திருத்துகிறாள். இப்போது தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

வாட்ஸப்பில் பலமுறை எழுதி அழித்துவிட்டேன். தவிர, இந்தக் கவரோடு ஒரு பொருளையும் அனுப்புகிறேன். பஞ்சில் சுற்றியிருக்கிறது. பிரித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும், நீங்கள் கடைந்ததுதானே.

எட்டு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

ரிமோட்டில் ஓட்டும் அந்தப் பந்தய போட்டுக்கு பேரிங் தேர்ந்தெடுக்க நீங்கள் இருவரும் என் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதம் சண்டை போட்டீர்கள். வால் பக்கத்துத் தண்டு சுழலும் இடத்தில் குண்டு உருளும் பால் பேரிங்தான் வேண்டும், நீங்கள் சொன்ன வெண்கல வளையமான புஷ் வேண்டாம் என்றார் உங்கள் அண்ணன். 'அத்தனை வேகத்துல புஷ் சூடாயிரும்டா' என்பார். நீங்கள் விடவில்லை. 'தண்ணிக்குள்ள பால் பேரிங் போட்டா, ஒரு பொடி மணல் போனாப் போதுமுங்ண்ணா, அதோட கதை முடிஞ்சுது. வெங்கல புஷ்ஷுக்கு நல்லா கிரீஸ் வெச்சாப் போதும், அது பாட்டுக்கு ஓடும்' என்பீர்கள். தண்டு எதில் போடுவது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. முறுக்குக் கம்பி கேபிள்தான், அதுதான் வளைந்து கொடுக்கும் என்று. நான் தோசையை வைத்துவிட்டு, ஆறுகிறது ஆறுகிறது என்று கத்திக்கொண்டிருப்பேன். கடைசியில் நீங்கள் ஜெயித்தீர்கள். நீங்கள் வேலை பார்த்த போசரிப் பட்டறையில், ஷிப்ட் முடிந்த பிறகு, அரை நாள் நின்று கடைந்துகொண்டு வந்தீர்கள்.

பந்தயத்துக்கு முதல் நாள் நடந்ததை இப்போது சொல்கிறேன்.

அன்று பகல் எனக்கு வீடியோவில் ஒரு நேர்முகத் தேர்வு. வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று உங்கள் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். மீனுவுக்கு பொம்மைப் படம் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பத்தே நிமிடம். வெளியே வந்தால், உங்கள் அறையில் போட் பக்கத்தில் உட்கார்ந்து விரலைச் சூப்பிக்கொண்டிருக்கிறாள், உதட்டில் ரத்தம். புரொப்பெல்லர் இலை பிளேடு மாதிரி இருக்கும், தொடாதீர்கள் அண்ணி என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். சின்னக் கீறல்தான். ஆனால் இனி அது அவள் கைக்கு எட்டக் கூடாது என்று நினைத்தேன். போட்டைத் தூக்கி மேலே வைக்க எனக்குத் தெம்பில்லை, அத்தனை கனம். அண்ணன் செய்வதைப் பார்த்திருந்தேனே, மோட்டார் பக்கம் இருந்த திருகைத் தளர்த்தி, புரொப்பெல்லரோடு கேபிளையே பின்பக்கமாக உருவி அலமாரி உச்சியில் வைத்தேன்.

சாயங்காலம் நீங்கள் வருவதற்குள் திரும்பப் போட்டுவிட்டேன். கிரீஸ் தடவினேன், அதுவரை சரியாகத்தான் செய்தேன். பிறகு கேபிளை உள்ளே முட்டும்வரை தள்ளி, ஆடாமல் இருக்கட்டும் என்று இறுக்கினேன். புரொப்பெல்லருக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் நீங்கள் விட்டிருந்த சந்து மறைந்துபோனது. சந்து இல்லாததுதான் நேர்த்தி என்று நினைத்தேன், சபரி. மீனு விரலில் பால் டின் மூடி கிழித்துவிட்டது என்று உங்கள் இருவரிடமும் சொன்னேன்.

மறுநாள் ஏரியில் இரண்டாவது சுற்றிலேயே சத்தம் மாறியது. மோட்டார் வீறிட்டது, போட் அப்படியே நின்றுவிட்டது. கேபிள் நடுவில் அறுந்திருந்தது. உங்கள் அண்ணன் கரையில் நின்று கத்தினாரே, அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. 'பத்து வருசம் லேத்துல நின்னா நீ இன்ஜினியர் ஆயிருவியா? சொன்னனே, புஷ் பத்திக்கும்னு சொன்னனே!' அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர் மட்டும். நம்மோடு வந்திருந்த நண்பர்கள் பிரணவும் வைஷாலியும், என்ன ஆயிற்று என்று புரியாமல், 'க்யா ஹுவா, க்யா ஹுவா' என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

நீங்கள் போட்டைத் திறந்து கேபிளில் இருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்தீர்கள். என் சிவப்பு நெயில் பாலிஷை வாங்கி அதில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தீர்கள், இதுவரைதான் உள்ளே போக வேண்டும் என்பதற்கு. கோடு வெளியே இல்லை, உள்ளே போயிருந்தது. நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். பிறகு, என் இடுப்பில் இருந்த மீனுவின் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தீர்கள். 'ஆமாங்ண்ணா, புஷ்ஷுதான். என் தப்புதான்' என்றீர்கள்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் கீறல் வரும், பால் டின் பொய் வரும், நேர்முகத் தேர்வு வரும், பிள்ளையைத் தனியாக விட்டது வரும். ஒன்றை மறைக்க ஒன்றாக, உங்களையும் அதில் சேர்த்துவிட்டேன். அடுத்த வாரம் நீங்கள் பெட்டியைக் கட்டியபோது, 'இருங்கள்' என்று ஒப்புக்குச் சொன்னேன். நீங்கள் போன பிறகு, இனி வீட்டில் அந்த பிளேடு இருக்காது, மீனுவுக்கும் ஒரு அறை ஆயிற்று என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பாதிப் பொய்யாகிவிடும்.

உங்கள் அண்ணன் மறுபடி ஒரு போட் கட்டுகிறார். அவர் விருப்பப்படி பால் பேரிங்தான், துருப்பிடிக்காத ரகமாம். இரண்டு ஜோடி போய்விட்டது. கையில் வைத்துச் சுற்றினால் நறநறவென்கிறது. போன ஞாயிறு மூன்றாவது ஜோடியை மாட்டும்போது மீனுவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். 'இங்க மூணு மில்லிமீட்டர் விடணும் கண்ணு. வேகமா ஓடுறப்ப இந்தக் கேபிளு முறுக்கிக்கிட்டுச் சுருங்கும். எடம் இல்லீன்னா புரொப்பெல்லர் வந்து பேரிங்கை அமுக்கிப் புடிச்சுக்கும், அப்புறம் அறுந்துரும்.' மீனு தலையாட்டினாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ நான் செய்ததுதான் என்று அன்றைக்கே தெரியும். எப்படி என்று அப்போதுதான் தெரிந்தது. மடித்ததைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. 'அவனுக்குத் தெரியுமா?' என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். 'அன்னிக்கேவா?' என்றார். அன்றைக்கேதான் என்றேன். பால்கனியில் போய் நின்றார். குக்கர் நாலு விசில் அடித்தது. நானும் அணைக்கவில்லை, அவரும் திரும்பவில்லை. பிறகு பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்து உங்கள் புஷ்ஷைத் தேடி எடுத்தார். உள்ளே சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். என்னிடம் கொடுத்து, 'நீயே பாரு' என்றார்.

நீங்களும் பாருங்கள். அதற்காகத்தான் அனுப்புகிறேன். உட்பக்கம் ஒரு கோடுகூட விழவில்லை, புதிது மாதிரி வழவழவென்று இருக்கிறது. கருகியிருப்பது விளிம்பு மட்டும், நான் அழுத்தி வைத்த இடம். உங்கள் தேர்வில் தப்பு இல்லை. அதை உங்களிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் அண்ணன். தினமும் உங்கள் நம்பரை எடுக்கிறார், பார்க்கிறார், போனைக் கவிழ்த்து வைக்கிறார். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை, நான் எட்டு மாதம் எடுத்துக்கொண்டவள்.

மூன்றாவது ஜோடி பேரிங்கைக் கழற்றி வைத்துவிட்டார். புது போட் வால் பக்கம் ஓட்டையோடு உங்கள் அறையில் நிற்கிறது. மீனுவுக்கு எட்டாத உயரத்தில் பலகை அடித்திருக்கிறோம். அது உங்கள் அறைதான், மீனு எங்களோடுதான் படுக்கிறாள்.

மீனு எழுந்துவிட்டாள். சித்தப்பாவுக்கா எழுதுறே என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சபரி. வேளைக்குச் சாப்பிடுங்கள். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். என்னை மன்னிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அந்த புஷ்ஷைக் கூரியரில் மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். விளிம்பைத் தேய்த்து, நீங்களே கையில் கொண்டு வாருங்கள். சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி,
கோதை